மைலோவுக்குப் பார்லித் தண்ணீர்

மைலோவுக்குச் சூடு பிடித்துவிட்டது என்று மங்களம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மங்களம் சொன்ன தீர்ப்புக்கு அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

பிச்சைமுத்துவின் அக்காள் அவள். மலாக்காவின் ஜாசினில் மகன் வீட்டில் இருக்கிறாள். எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழா நெருங்கினால், வருஷம் தவறாமல் பெம்பானில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து இறங்கிவிடுவாள். கோயிலுக்குப் போகிற செம்மண் பாதையோரம் போடும் தண்ணீர்ப் பந்தல் அவள் பொறுப்பு. வாசனைக்குப் பண்டான் இலை போட்டு, கற்கண்டு கரைத்து அவள் காய்ச்சும் பார்லித் தண்ணீருக்கு அந்த வட்டாரத்தில் பேர் உண்டு. பால்குடம் எடுத்து வருகிறவர்கள் பந்தலைக் கண்டதும், "மங்களம் அக்கா பானை எங்க?" என்றுதான் கேட்பார்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் அந்தப் பானை, பிச்சைமுத்து வீட்டுப் பின்கட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. முன்வாசல் கார் நிறுத்துமிடத்தில் தையல் மெஷின் முன்னால் அவன் மனைவி புனிதா உட்கார்ந்திருந்தாள். திருவிழாவுக்குக் கட்டப்போகும் சேலைகளுக்கு ரவிக்கை தைத்து முடிக்க வேண்டும். பிச்சைமுத்து வீட்டில் இல்லை. அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். இந்த வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டியவன் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் கோயிலிலேயே பாய் போட்டுவிட்டான்.

வீடு முழுக்கச் சைவம். நாய் மைலோவும் சைவம். பருப்புச் சோறு, கீரைச் சோறு, மோர்ச் சோறு என்று அதுவும் பக்தியோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நேற்று முன்தினம் வரைக்கும்.

நேற்றிலிருந்து தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சூட்டு உடம்புக்குச் சோறு எறங்காது," என்றாள் மங்களம். ஒரு சட்டி நிறையப் பார்லித் தண்ணீரை ஆற்றி மைலோவின் முன்னால் வைத்தாள். கற்கண்டு இனிப்புக்கு மைலோ குடித்தது. மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தது. பிறகு எழுந்து போய் வேலியோரம் மாமரத்தடியில் காலைத் தூக்கி நின்றது.

"பாத்தியா புனிதா? நேத்துப் பூரா சும்மா சுத்திக்கிட்டு இருந்தவன். இப்ப அடிக்கொரு தடவ போறான் பாரு. சூடு எறங்குது லா!"

புனிதா மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். மைலோ மாமரத்தடியில் நின்றது. பிறகு அங்கிருந்து நகர்ந்து கேட்டுக் கம்பத்தருகே காலைத் தூக்கியது. பிறகு துளசித் தொட்டி. அதற்குப் பிறகு அது செய்த காரியத்தைப் பார்த்ததும் மெஷின் பெடலில் இருந்த அவள் கால் தானாக நின்றது. மைலோ பின்கால்களை மடக்கிப் பெட்டை நாய்போலக் குந்தியது. முதுகு வில்லாக வளைந்தது. வால் விறைத்து நின்றது. தொடைகள் இரண்டும் நடுங்கின. நெடுநேரம் அப்படியே இருந்தது. கண்கள் எங்கும் பார்க்கவில்லை.

புனிதாவுக்கு அளவெடுக்க நாடா தேவைப்படுவது கடைசியில்தான். கேட்டைத் திறந்து ஒரு பெண் நடந்து வரும்போதே அவளுக்குத் தோள் இறக்கமா, முதுகு கூனலா, இடது பக்கம் கொஞ்சம் தாழ்வா என்று கண் சொல்லிவிடும். இத்தனை வருஷமும் சோறு போட்ட கண் அது. துணி விஷயத்தில் அவள் அதைச் சந்தேகித்ததே இல்லை. மற்ற எல்லா விஷயத்திலும் சந்தேகித்துப் பழகிவிட்டாள். மனசுக்குள் ஒரு எண்ணம் எழுந்தால், அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு குரலும் வரும். 'நீ எதுக்கெடுத்தாலும் பெருசுபடுத்துவே.' சில நாள் அது புருஷன் குரலாக இருக்கும், சில நாள் நாத்தனார் குரலாக இருக்கும். பெரும்பாலும் அவளுடைய சொந்தக் குரலாகவே இருக்கும்.

இன்றைக்கு அந்தக் குரல் வரக் காணோம். வருமென்று ஒரு கணம் காத்தும் பார்த்தாள்.

எழுந்து உள்ளே போனாள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து மைலோவின் பின்னாலேயே நடந்தாள். அது மறுபடி குந்தியதும் தானும் குந்தி, மூடியை அதன் வயிற்றுக்கு அடியில் நீட்டினாள்.

பின்கட்டிலிருந்து கரண்டியோடு வந்த மங்களம் அந்தக் கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய், என்னம்மா இது? பால்குடம் எடுக்கிற வீட்ல நாய் மூத்திரத்த ஏந்திக்கிட்டு நிக்கிறே? எதிர் வீட்டுச் சீனத்தி பாக்கிறா!"

"பாக்கட்டும் அண்ணி."

மைலோ முக்கியது. தொண்டையிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது. மூடியில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் நெடுநேரம் கழித்து இன்னொன்று. அதோடு சரி. வெள்ளை மூடியில் அவை ரோஸ் சிரப் கரைத்த தண்ணீர் நிறத்தில் இருந்தன.

புனிதா மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"பாருங்க. இதுதான் போகுது. போய்ப் போய் நிக்கிறானே தவிர, ஒண்ணுமே வெளிய வரல."

"அட, கொஞ்சம் கொஞ்சமாத்தானே எறங்கும்? இன்னொரு சட்டி குடுத்தா..."

"ரத்தம் அண்ணி இது."

"சூடு அதிகமானா அப்பிடித்தான். ஏன், உனக்கு வரலியா? கல்யாணமாகி வந்த வருஷம், எஸ்டேட் லயத்து வீட்ல நீ துடிச்சப்போ யாரு காய்ச்சிக் குடுத்தா? இந்தக் கைதானே? பார்லி குடிச்சுத்தானே எந்திரிச்சு உக்காந்தே?"

இதை மங்களம் முதல் தடவையாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில், காதுகுத்தில், ஒரு தடவை கோலாலம்பூர் போகும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் புனிதா ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நடந்தது வேறு. பார்லித் தண்ணீர் குடித்துக் குடித்து, போகவும் முடியாமல், எரிச்சலை யாரிடமும் சொல்லவும் முடியாமல் நாலு நாள் கிடந்தாள். சொல்வதற்கு வாயில் வார்த்தை இல்லை. புது மருமகள் எந்தச் சொல்லால் அதைச் சொல்வாள்? கடைசியில் குளிர் ஜுரம் வந்து பல் அடித்துக்கொண்டபோதுதான் மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்று சொல்லி, ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிய அன்று மங்களம் ஒரு டம்ளர் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். மங்களத்தின் ஞாபகத்தில் அந்த டம்ளர் மட்டும்தான் நின்றுவிட்டது. பாசமாகச் சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று புனிதா விட்டுவிட்டாள். அப்படித் திருத்தாமல் விட்டது இப்போது சாட்சியாக வந்து நின்றுகொண்டு, முக்கிக்கொண்டிருக்கும் நாய்க்கு இன்னொரு சட்டி ஊற்றச் சொல்கிறது.

அவள் போனை எடுத்தாள். ஜாசினில் இருக்கும் மிருக கிளினிக்கில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கிளேபாங்கில் ஒன்று சனிக்கிழமையும் திறந்திருக்கும் என்று ரவிக்கை தைக்க வரும் ஒரு பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. நம்பர் தேடி அடித்தாள். எடுத்தது ஒரு மலாய்ப் பெண்.

"அன்ஜிங் சாயா... தாக் போலே புவாங் ஆயர் கெச்சில்." என் நாய்க்கு ஒண்ணுக்குப் போக முடியவில்லை. சொல்லிவிட்டாள். சொல்வது அப்படியொன்றும் கடினமாக இல்லை.

ஆணா பெண்ணா என்று அந்தப் பெண் கேட்டாள். முக்குகிறதா, சொட்டாவது வருகிறதா, கடைசியாக நன்றாகப் போனது எப்போது, சாப்பிட்டதா, வாந்தி எடுத்ததா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். அவள் குரலில் இருந்த மரியாதைச் சிரிப்பு கேள்விக்குக் கேள்வி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், "பாவா செக்காராங், காக்," என்றாள். இப்பவே கொண்டு வாங்க அக்கா. "தண்ணி எதுவும் குடுக்காதீங்க. வயித்த அழுத்தாதீங்க."

காரின் பின்சீட்டில் பந்தல் சாமான் அடைத்திருந்தது. பிளாஸ்டிக் கோப்பைகள், சிரப் பாட்டில்கள், வாழைநார்க் கட்டு, மடக்கு மேசை. அவற்றைச் சாயங்காலத்துக்குள் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. புனிதா கதவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசல் சிமெண்டில் வைக்க ஆரம்பித்தாள்.

"என்ன செய்யிறே?" மங்களத்தின் குரல் ஏறியது.

"கிளேபாங் போறேன்."

"கிளேபாங்கா? அங்க எதுக்கு? நாளைக்குத் திருவிழா! பந்தல் சாமான யாரு கொண்டு போறது?"

"ராஜம்மா வீட்டு வேனு சாயந்தரம் கோயிலுக்குப் போகுது. போன் போட்டா வந்து ஏத்திக்குவாங்க."

"தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா அவருக்குக் கால் நிக்காது. காப்ப அறுத்துக்கிட்டு வரவும் முடியாது, அங்க இருக்கவும் முடியாது. எதுக்கு அவர வதைக்கணும்? வந்து சொல்லிக்கிறேன்."

"ஒரு நாளு பொறுத்தா என்ன? திங்கக்கெழம போ. நான் வேண்டாங்கல."

"திங்கக்கெழமைக்கு இவன் இருக்க மாட்டான் அண்ணி."

இதைச் சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கத்தவில்லை. ரவிக்கைக் கையின் அளவைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மங்களம் கரண்டியைக் கீழே இறக்கினாள்.

மைலோ கனமான நாய். குட்டியாகக் குலை எடைபோடும் இடத்தில் கிடந்து, பிச்சைமுத்துவின் லோரியில் வந்து சேர்ந்தது. வந்தபோது ஒரு கையில் அடங்கியது. இப்போது புனிதா முன்பக்கத்தைத் தூக்கினால் பின்பக்கம் தரையில் இழுபட்டது. வலியில் அது பல்லைக் காட்டியது, ஆனால் கடிக்கவில்லை. மங்களம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "தள்ளு," என்று பின்னங்கால்களுக்கு அடியில் கைகொடுத்தாள். ஏற்றியதும் அதன் பக்கத்திலேயே அவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க எதுக்கு அண்ணி? பானை?"

"அடுப்ப அணைச்சாச்சு. நாய் தனியாவா வரும்? அதுவும் போக, கிளேபாங் டாக்டரு என்ன சொல்றாருன்னு நானும் கேக்கணுமில்ல? சூடுன்னு சொல்லட்டும், அப்ப வச்சுக்கிறேன் ஒன்ன."

கார் ஆயர் குரோ சாலையைப் பிடித்தது. இருபுறமும் செம்பனை ஓடியது. கண்ணாடியில் பார்த்தாள் புனிதா. மங்களத்தின் மடியில் தலையை வைத்து மைலோ மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது ஒரு குமட்டல் சத்தம் கேட்டது. மைலோ வாந்தி எடுத்தது. மஞ்சளாக, பண்டான் வாசனையோடு, மங்களத்தின் சேலை முழுக்க.

"ஐயோ, குடிச்சதெல்லாம் வந்திருச்சே..." மங்களம் துடைத்தாள். துடைத்த கை நின்றது. "வயிறு கல்லாட்டம் இருக்கும்மா. கொஞ்சம் நீவி விடட்டுமா?"

"தொடாதீங்க! அழுத்தவே கூடாதுன்னு சொன்னாங்க."

"சரி சரி, தொடல." கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "உனக்கு அன்னைக்குக் கேட்டுச்சே. இவனுக்கு ஏன் கேக்கல?"

பச்சை விழுந்தது. புனிதா காரை நகர்த்தினாள். இத்தனை வருஷமாகச் சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்கு இது நேரமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். நேரம்தான் என்று பதில் வந்தது.

"எனக்கும் கேக்கல அண்ணி."

"என்னது?"

"பார்லி கேக்கல. ஊசிதான் கேட்டுச்சு. ஆஸ்பத்திரில ஒரு வாரம் படுத்துக் கெடந்தேனே, மறந்துட்டீங்களா? கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆபத்துன்னு அந்த நர்சு என்னைத் திட்டுனா. 'வாயில்லையா உனக்கு'ன்னு கேட்டா. நீங்க பார்லி குடுத்தது நான் சரியாகி வீட்டுக்கு வந்த பிறகு."

புனிதா கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினாள். ஏதோ உடைந்துவிடும் என்று இத்தனை காலமும் பயந்திருந்தாள். ஒன்றும் உடைந்த மாதிரி தெரியவில்லை. கார் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் இத்தன வருஷமா சிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தே?" என்றாள் மங்களம் கடைசியில். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கோபம் யார் மேல் என்று அவளுக்கே தீர்மானமில்லாத மாதிரி இருந்தது. "ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. பஸ்ஸுல ஒருத்திக்கிட்டக்கூடச் சொன்னேனே!"

"அவளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது அண்ணி."

"உனக்கென்ன தெரியும்?" என்ற மங்களம், மைலோவின் காதுகளை மெதுவாகத் தடவ ஆரம்பித்தாள்.

கிளேபாங்கில் கடல் பக்கம் திரும்பும் சாலையில், தேங்காய் ஷேக் கடைகளுக்கு முன்னாலேயே கிளினிக் வந்துவிட்டது. போனில் பேசிய பெண் தள்ளுவண்டியோடு வாசலில் காத்திருந்தாள். டாக்டர் தேவிஸ்ரீக்கு முப்பது வயதுகூட இருக்காது. கட்டை முடி, கையில் உறை, காலில் ரப்பர் செருப்பு. மைலோவின் வயிற்றில் இரண்டு விரலை வைத்தாள், அழுத்தாமல் வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள்.

"நெறஞ்சு பந்து மாதிரி இருக்கு. எப்பக் கடைசியா நல்லாப் போச்சு?"

"நேத்துக் காலையிலன்னு நெனைக்கிறேன், அதுவும் நான் சரியாக் கவனிக்கல. இன்னைக்குப் பூரா முக்குறான். சொட்டு வருது, ரத்தம் கலந்து. சாப்பிடல. வர்ற வழியில வாந்தி." புனிதா ஐஸ்கிரீம் மூடியை நீட்டினாள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

தேவிஸ்ரீ அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் புனிதாவை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த மாதிரி யாரும் கொண்டு வர மாட்டாங்க ஆன்ட்டி. குட். வழி அடைச்சிருக்கு, கல்லா இருக்கும்னு நெனைக்கிறேன். ஆண் நாய்க்கு அந்த எடத்துல உள்ளுக்குள்ள ஒரு எலும்பு இருக்கும். அதுக்குள்ள ஓடற குழாய் விரியாது. மேலேருந்து வர்ற கல்லு சரியா அதுக்குப் பின்னாடி வந்து மாட்டிக்கும். மயக்கம் குடுத்து, டியூப் விட்டு, கல்ல வந்த வழியே மூத்திரப் பைக்குள்ள தள்ளப் பாக்கணும். மொதல்ல ரத்தம் எடுத்துப் பாப்பேன். போக வேண்டிய விஷமெல்லாம் உள்ள தங்குனா இதயம் பாதிக்கும். மயக்கத்துலயே ரிஸ்க் இருக்கு, சொல்லிட்டேன். வீட்ல யாருகிட்டயாவது கேக்கணுமா?"

"வேணாம். நான் சொன்னாப் போதும்," என்றாள் புனிதா. "செய்யுங்க."

மங்களம் அவளைப் பார்த்தாள்.

உள்ளே விடவில்லை. ஆனால் கதவில் கண்ணாடி இருந்தது. மைலோ மேசையில் பக்கவாட்டில் கிடந்தது. தேவிஸ்ரீ குனிந்து மெல்லிய குழாயை ஏற்றினாள். ஓர் இடத்தில் நின்றது. ஊசிக் குழலில் உப்புத் தண்ணீரை எடுத்து அழுத்தினாள். நின்றது. கோணத்தை மாற்றினாள். மறுபடி அழுத்தினாள். அவளுடைய தோள் இறுகுவதைப் புனிதா பார்த்தாள். தன் தோளும் இறுகியிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அடிவயிற்றில், எப்போதோ மறந்துவிட்ட அந்தப் பாரம் வந்து உட்கார்ந்திருந்தது. தாங்கிக்கொள்வதுதான் நல்ல பெண்ணுக்கு அடையாளம் என்று எந்த வயதில் கற்றுக்கொண்டோம் என்று யோசித்தாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வீடு வரைக்கும் அடக்கினாள். தொழிற்சாலையில் மணி அடிக்கும் வரைக்கும் அடக்கினாள். புகுந்த வீட்டில் எல்லாரும் தூங்கும் வரைக்கும் அடக்கினாள். நாய்க்கு இந்தப் பாடமெல்லாம் யாரும் நடத்தவில்லை. வலித்தது, முக்கியது, எல்லார் கண்முன்னாலும் முனகியது. பார்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

தேவிஸ்ரீயின் தோள் சட்டென்று இறங்கியது.

குழாய் முனையிலிருந்து இரும்புத் தட்டில் விழுந்த சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. சிவந்த பழுப்பில் கொட்டியது. தட்டு நிறைந்தது. உதவிப் பெண் இன்னொரு தட்டை மாற்றி வைத்தாள். அதுவும் ஏறிக்கொண்டே போனது.

"இவ்வளவையும் உள்ளயா வச்சிருந்தான்?" என்று மங்களம் மூச்சுவிட்டாள். "அதுக்கு மேல நான் வேற சட்டி சட்டியா..."

புனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தேவிஸ்ரீ வெளியே வந்து எக்ஸ்ரே படத்தைக் காட்டினாள். பையில் அரிசிக் குருணை மாதிரி கற்கள் இன்னும் கிடந்தன. மாட்டிக்கொண்டதையும் அங்கேயே தள்ளியாகிவிட்டது. ரத்தம் சரியாகட்டும், திங்கட்கிழமை பையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

மங்களம் தொண்டையைச் செருமினாள். "டாக்டரம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? பார்லித் தண்ணி குடுத்தேன். அதனாலயா?"

"பார்லி கல்ல உண்டாக்கல ஆன்ட்டி. தண்ணி நெறையக் குடிக்கிறது நாய்க்கு நல்லதுதான், வழி தொறந்திருந்தா. சிங்க் அடைச்சிருக்கும்போது பைப்பத் தொறந்து விடுவீங்களா?"

"மாட்டேன்."

"அவ்வளவுதான்."

"ஒரு மாசமா வெரதத்துக்குக் கீரைச் சோறு போட்டோம்..."

"ஒரு மாசக் கீரையில இவ்வளவு கல்லு வராது. சாமியக் கொற சொல்லாதீங்க." தேவிஸ்ரீ சிரித்தாள். "ஆனா கல்லு என்ன வகைன்னு லேப்ல பாத்துச் சொல்ற வரைக்கும் கீரை வேணாம்."

"அடிக்கடி போனான். நல்லாப் போறான்னுதான் நெனச்சேன்."

"நெறையப் பேரு அப்பிடித்தான் நெனைக்கிறாங்க. அடிக்கடி போறது வேற, நல்லாப் போறது வேற. எவ்வளவு வருதுன்னு பாக்கணும். வயசான நாயி தூங்கும்போது சொட்டுச் சொட்டா விடும், அது அவசரமில்ல, அந்த வாரத்துல கூட்டிக்கிட்டு வாங்க. அடிக்கடி போயி, எரிஞ்சு, ரத்தம் தெரிஞ்சா அன்னைக்கோ மறுநாளோ வந்துரணும். முக்குறான், ஒண்ணும் வரலைன்னா, கல்யாணமோ காதுகுத்தோ, போட்டது போட்டபடி வந்துரணும். ஒரு நாளைக்கு மேல தாங்காது. இவனுக்கு இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் விட்டிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல."

திரும்பி வரும்போது மங்களம் முன்சீட்டில் உட்கார்ந்தாள். சேலை முழுக்கக் கறை. கிளேபாங் கடைத்தெருவைத் தாண்டும்போது, "ஒரு தேங்கா ஷேக் குடிப்பமா?" என்றாள். வண்டியை நிறுத்திக் குடித்தார்கள். குடித்து முடித்துவிட்டு ஸ்ட்ராவைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள். "திங்கக்கெழமைக்கு இருக்க மாட்டான்னு சொன்னியே, அப்ப உன் மூஞ்சியப் பாத்துத்தான் அவன் பின்னங்கால தூக்குனேன். இல்லாட்டி கார்ல ஏறியிருக்க மாட்டேன்."

மறுநாள் பந்தல் குறையில்லாமல் நடந்தது. பால்குடம் இறக்கிக் காப்பு அவிழ்த்த பிறகுதான் பிச்சைமுத்துவிடம் சொன்னாள் புனிதா. மஞ்சள் வேட்டியோடு பந்தல் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்டச் சொல்லாமயா?" என்றான். பிறகு, "சொல்லியிருந்தா அங்கயும் நின்னிருக்க மாட்டேன், இங்கயும் நின்னிருக்க மாட்டேன்," என்று அவனே சொன்னான். திங்கட்கிழமை லோரிக்கு லீவு போட்டுவிட்டு அறுவை சிகிச்சை முடிகிற வரைக்கும் கிளினிக் வாசலில் குந்தியிருந்தான். எடுத்த கற்களைச் சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். கற்கண்டுத் தூள் மாதிரி இருந்தன. அவன் அதைத் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மைலோ கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வீடு வந்தது. கதவில் இடித்தது, தட்டில் இடித்தது, பிச்சைமுத்துவின் முட்டியில் இடித்தது. காலையில் அதை வெளியே விடும்போது புனிதா ரவிக்கையைப் பாதியில் வைத்துவிட்டுக் கூடவே போவாள். வேலியோரம் நிற்பாள். தெருவில் பைக்கில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள்.

மங்களம் ஜாசினுக்குப் போய்விட்டாள். தினம் காலையில் போன் அடிப்பாள்.

"போனானா?"

"போனான் அண்ணி."

"சொட்டா, கோடா?"

"கோடா. நிதானமா."

"கலரு?"

"வெளுப்பா இருந்துச்சு. ரத்தமில்ல."

"எவ்வளவு நேரம் நின்னான்?"

"மாமரம் நனையிற வரைக்கும்."

மறுமுனையில் ஒரு நிம்மதி கேட்கும். பக்கத்தில் யாருக்கோ அதைத் திருப்பிச் சொல்வதும் கேட்கும். அங்கே யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று புனிதா விசாரிப்பதில்லை. மங்களம் மறுபடி போனுக்கு வருவாள்.

"சரி. நீ சாப்ட்டியா?"